பெல்லாமி வீட்டை விசாரித்த கதை

பெப்ரவரி 4, ஞாயிறு

ஒருவழியாக இன்றைக்கு வைதேகி வாயைத் திறந்தாள். நான் கறிக்கு உருளைக்கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தேன். "அம்மா, நானும் ஈதனும் கலியாணம் செய்யப் போறம்" என்றாள். சோபாவில் இருந்த இவர் பேப்பருக்குப் பின்னால் சிரித்தார். அவருக்கு முந்தியே தெரிந்திருக்கிறது. இந்த வீட்டில் எனக்குத்தான் எல்லாம் கடைசி.

ஈதன் பெல்லாமி. வெள்ளைக்காரன், முப்பத்து நாலு வயது, பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறான். இரண்டு தரம் இங்கே சாப்பிட வந்தான். இரண்டு தரமும் தன் தட்டைத் தானே கழுவி வைத்தான். அப்படிப்பட்டவன் முப்பத்து நாலு வயதுவரைக்கும் ஏன் கட்டாமல் இருந்தான்? எங்கேயோ இடிக்கிறது.

"ஆர் எவர் எண்டு விசாரிக்காமல் என்னெண்டு பிள்ளை?" என்றேன்.

"அதுக்கு நீங்கள் கஷ்டப்படத் தேவையில்லை. ஈதன்ர அம்மாவே இருநூற்று முப்பது வருசத்துக்கு விசாரிச்சு வைச்சிருக்கிறா."

விசயம் இதுதான். அமெரிக்கா இங்கிலாந்து ராசாவுக்கு எதிராகக் கிளம்பியபோது, ராசாவின் பக்கம் நின்ற சனமும் இருந்திருக்கிறது. தோற்றவுடன் அவர்களுடைய வீடு வளவெல்லாம் பறிபோக, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வடக்கே கனடாவுக்கு ஓடி வந்திருக்கிறார்கள். அரச விசுவாசிகள் என்று பெயர். அவர்களுடைய வம்சத்துக்கு இப்போது ஒரு சங்கம் இருக்கிறது. தகப்பன், பாட்டன், பூட்டன் என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் தேவாலயப் பதிவு காட்டினால் சான்றிதழ் கொடுப்பார்களாம். ஈதனின் தாய் மார்ஜரி நாலு வருடமாக அதற்கு அலைகிறாவாம். பழைய கையெழுத்து வாசிக்கத் தெரியாமல் திண்டாடுகிறாவாம்.

எங்கள் ஆட்களென்றால் எனக்கு வழி தெரியும். ஊர்ப் பெயரைக் கேட்டுக்கொண்டு கொக்குவிலில் இருக்கிற தங்கச்சி மங்கைக்கு ஒரு கோல் போட்டால் போதும். ஆர் குடித்தது, ஆருக்கு வலிப்பு, ஆர் ஆரோடு ஓடினது, எல்லாம் பின்னேரத்துக்குள் வந்து சேரும். பெல்லாமி வீட்டை நான் ஆரிடம் கேட்க?

ஆனால் யாழ்ப்பாணக் கச்சேரியில் பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுக் கிளையில் பதினொரு வருடம் கிளாக்கராக இருந்தவள் நான். என்னை ஏய்க்கிற பதிவுப் புத்தகம் இன்னும் பிறக்கவில்லை.

"நான் வந்து உதவி செய்யிறன் எண்டு அந்த மனிசிக்குச் சொல்லு" என்றேன்.

வைதேகி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்களோ? சும்மாவோ?"

பெப்ரவரி 6, செவ்வாய்

இவருக்கு இரத்தத்தில் சீனி 11.2. லட்டு வாங்கிக் கொடுத்தது ஆரென்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாதாம்.

பெப்ரவரி 17, சனி

ஸ்காபரோவிலிருந்து இரண்டரை மணித்தியாலம். கிங்ஸ்டன் பக்கத்து ஏரிக்கரையில் ஒரு சின்ன ஊர். மார்ஜரி விதவை, ஓய்வு பெற்ற தாதி, அறுபத்தெட்டு வயது. வாசலிலேயே என் இரண்டு கையையும் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனா. சோபாவில் நாய் படுத்திருந்தது. நாயை எழுப்பாமல் எங்களுக்குக் கதிரை எடுத்துப் போட்டா. நான் கவனித்துக்கொண்டேன்.

பெரிய ஆச்சரியம் என்னவென்றால், எங்களைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. எந்த ஊர், தகப்பன் என்ன வேலை, எத்தனை சகோதரம், ஒன்றும் இல்லை. மகனுக்குப் பெண் எடுக்கிற வீடு ஒன்றும் கேளாதோ? கேட்காத ஆளுக்கு மறைக்க ஏதோ இருக்கிறது. சூப் தந்தா. உப்பில்லை. இவர் இரண்டு தரம் வாங்கிக் குடித்தார்.

பிறகு மேசையில் பெட்டியைத் திறந்தா. ஈதனிலிருந்து பின்னால் எட்டுத் தலைமுறை. எட்டாவது ஆள் ஐசக் பெல்லாமி, மனைவி ஹன்னா. அவர்கள் இருவருடைய கலியாணப் பதிவுதான் கிடைக்கவில்லை. அது இல்லாமல், மற்ற எல்லாரும் ஐசக்கின் வழி என்று சொல்ல முடியாதென்று சங்கம் இரண்டு தரம் திருப்பி அனுப்பிவிட்டது. சொல்லும்போது மார்ஜரியின் கண் கலங்கியது. இறந்துபோன புருசனுக்குச் செய்துகொடுத்த சத்தியமாம்.

ஓடி வந்த சனத்துக்கு 1784இல் அரசாங்கம் மா, இறைச்சி கொடுத்த பெயர் இடாப்பு ஒன்றையும் காட்டினா. "ஐசக் பெல்லாமி: ஆண் 1, பெண் 1."

"நிவாரண லிஸ்ட்" என்றார் இவர், தமிழில், தன்பாட்டில்.

"என்ன சொல்கிறார்?" என்று மார்ஜரி கேட்டா. ஒன்றுமில்லை என்றேன்.

ஊர்க்கோயிலின் பழைய புத்தகங்களையெல்லாம் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். கொம்பியூட்டரில் செருகுகிற ஒரு சின்னக் குச்சியில் போட்டுத் தந்தா. நான் நல்ல பிள்ளை மாதிரிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

மார்ச் 4, ஞாயிறு

இரண்டு கிழமையாக இதே வேலை. காலையில் இவருக்குக் குரக்கன் ரொட்டி சுட்டுவிட்டுக் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தால் கண் எரியுமட்டும் எழும்புவதில்லை. பெல்லாமி வீட்டில் ஏழு தலைமுறைக்கும் கலியாணம், ஞானஸ்நானம், அடக்கம் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. ஒரு குடிகாரன் இல்லை, ஒரு ஓட்டம் இல்லை. இவ்வளவு சுத்தமாக ஒரு குடும்பம் இருக்காது. நான் விடப் போவதில்லை.

மார்ச் 10, சனி

பிடித்துவிட்டேன்!

விவாகப் புத்தகத்தில் இல்லை. அங்கேதான் எல்லாரும் தேடியிருக்கிறார்கள். எனக்குப் பதிவாளர்மாரின் புத்தி தெரியும். தீவுப் பக்கம் சுற்றுக்குப் போகிற பதிவாளர் எல்லாப் புத்தகத்தையும் சுமந்துகொண்டு போகமாட்டார். ஒன்றை மட்டும் கொண்டுபோய் அதிலேயே எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வருவார். அந்தக் காலத்துப் பாதிரியார் மட்டும் வேறு மாதிரியோ? ஞானஸ்நானப் புத்தகத்தை முதலிலிருந்து ஒரு வரி விடாமல் வாசித்தேன். 1789 செப்டம்பர், ஒரு பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் இருக்கிறது: ஐசக் பெல்லாமி, ஹன்னா, விவாகம்.

அதற்குக் கீழே, அதே நாள், அதே மை. ஞானஸ்நானம்: ஜோன், வயது நாலு. சாரா, வயது மூன்று. மேரி, வயது ஒன்று.

மூன்று பிள்ளை பெற்ற பிறகு கலியாணம்! இதுதான் அந்த மனிசி கட்டிக் காக்கிற வம்சம். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. எழும்பிப் போய் ஒரு தேத்தண்ணி போட்டு, சீனி கூடப் போட்டுக் குடித்தேன்.

மார்ஜரிக்கு இப்போதைக்குச் சொல்லப் போவதில்லை. பக்கத்தை அச்செடுத்து வைத்துவிட்டேன்.

மார்ச் 11, ஞாயிறு

மங்கைக்குக் கோல் எடுத்துச் சொன்னேன். அவள், "அக்கா, உந்தக் கதையை விடு" என்றாள்.

"ஏன் விடவேணும்? நாளைக்கு ஆரும் கேட்டால்?"

"நீயோ அக்கா உந்தக் கதை கதைக்கிறது?"

அவளுக்கு விசர். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

இவரிடமும் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு முழுவதும் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார். சவளை எடுத்துக்கொண்டு பனி தள்ள வெளியே போய்விட்டார். நேற்றிலிருந்து பனி இல்லை.

மார்ச் 17, சனி

நான் நினைத்தது சரி. மார்ஜரியிடமிருந்து ஈமெயில். ஈதன், வைதேகி இருவருக்குமாகக் குடும்பப் புத்தகம் ஒன்று செய்கிறாவாம். எங்கள் பக்கத்துக்கும் இடம் விட்டிருக்கிறாவாம். என் விவாகப் பத்திரத்திலும் வைதேகியின் பிறப்புப் பத்திரத்திலும் ஒவ்வொரு பிரதி வேண்டுமாம்.

பூனை வெளியே வந்துவிட்டது. ஒன்றும் கேளாமல் சூப் ஊற்றித் தந்தது இதற்குத்தான். ஆற அமர வேவு பார்க்கிற மனிசி!

எல்லாம் சண்டையில் எரிந்துவிட்டது என்று பதில் போட்டேன். அது முழுப் பொய் இல்லை. வீடு எரிந்தது உண்மைதான்.

எங்கள் பத்திரங்கள் இருக்கிற பைலை அலுமாரியின் மேல்தட்டிலிருந்து எடுத்து, என் சேலைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

மார்ச் 24, சனி

எழுத மனமில்லை. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

வைதேகி மண்டபம் பார்த்துவிட்டு வந்தாள். சந்தோசமாக இருந்தாள். நான் அச்செடுத்த தாளை அவளுக்கு முன்னால் வைத்தேன். "அவையின்ர மூலம் இதுதான். நல்லாய்ப் பார். கலியாணம் கட்டாமல் பெத்த சந்ததி. இப்பிடியான வீட்டுக்கோ நீ போகப் போறாய்?"

முதலில் சிரித்தாள். "அம்மா, இது 1789!"

"எந்த வருசமாயிருந்தால் என்ன? வித்து வித்துத்தான்."

அவளுடைய முகம் மாறியதை நான் பார்த்தேன். பார்த்தும் நிறுத்தவில்லை. தகப்பன் பெயர் கேட்டால் சொல்ல ஏலாத பிள்ளைகள், அதுகளின்ர வழியில வந்தவன் என்று இன்னும் என்னென்னவோ சொன்னேன்.

எழும்பி என் அறைக்குப் போனாள். சேலைக்கு அடியில் நேரே கையை விட்டு பைலை எடுத்து வந்தாள். என்னிலும் கெட்டிக்காரி. நடுவில் இருந்த ஒரு மஞ்சள் தாளை உருவி, பெல்லாமி தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அவளுடைய முதல் பிறப்புப் பத்திரம். 1988 நவம்பர். தகப்பன் பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு. பெற்றோர் விவாகஞ் செய்தவர்களா என்ற இடத்தில், "இல்லை".

"பதினேழு வயசில பாஸ்போட்டுக்குத் தேடேக்க கண்டனான்" என்றாள். "அப்பா என்ர அப்பா இல்லையோ எண்டு ஒரு வருசம் யோசிச்சனான் அம்மா. அவர் நித்திரை கொள்ளேக்க போய் அவற்ர காதைப் பாப்பன். என்ர காது மாதிரி இருக்கோ எண்டு. அவரிட்டைக் கேட்டால் மனம் நோகும். உங்களிட்டைக் கேட்டால் நீங்கள் உடைஞ்சு போவியள் எண்டு கேக்கேல்லை. நீங்கள் இப்ப சொன்ன எல்லாம் எனக்குத்தான் சொன்னியள்."

கதவை அடித்துச் சாத்தவில்லை. மெதுவாகத் திறந்து, மெதுவாகப் போனாள். அடித்துச் சாத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

ஏப்ரல் 14, சனி

வருசப்பிறப்பு. பொங்கினேன். பிள்ளை வரவில்லை.

ஏப்ரல் 19, வியாழன்

மூன்று கிழமைக்கு மேலாகப் பிள்ளை எனக்குப் போன் எடுக்கவில்லை. கலியாணத்துக்கு அம்மா வராவிட்டாலும் சரி என்று இவரிடம் சொன்னாளாம். இவர் அதைச் சொல்லிவிட்டுக் கோப்பையைக் கழுவப் போய்விட்டார். என்னோடு சண்டை பிடித்தாலாவது பரவாயில்லை.

சரி, எழுதுகிறேன். ஆருக்கு மறைக்க?

1987 ஐப்பசியில் எங்கள் கலியாணம். பேச்சு முடிந்து, மண்டபம் எடுத்து, பலகாரச் சூடும் தொடங்கிய கிழமையில் இந்தியன் ஆமியின் சண்டை தொடங்கியது. ஷெல் விழ விழ எல்லாரும் நல்லூர்க் கோயிலுக்கு ஓடினோம். ஆயிரக்கணக்கில் சனம். அப்பாவுக்கு நெஞ்சு வருத்தம். குறித்த நாளில் நடக்க வேண்டும், தான் கண்ணால் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம். அம்மா ஒரு கயிற்றில் மஞ்சள் துண்டைக் கட்டிக் கொடுத்தா. ஐயரில்லை, மேளமில்லை. தெற்கு வீதியில், சாப்பாட்டுக்கு நிற்கிற வரிசைக்குப் பக்கத்தில் வைத்து இவர் கட்டினார். ஒன்பதாம் நாள் அப்பா போய்விட்டார்.

பதிவு? கச்சேரி பூட்டு. திறந்தபோது இவர் இல்லை. பொடியன்களைப் பிடிக்கிறார்கள் என்று பயந்து தை மாதம் கொழும்புக்குப் போனவர், மாசிக்குள் வருகிறேன் என்றவர், ஒரு தரம் வந்து பத்து நாள் நின்றுவிட்டு மறுபடி போனார். பிறகு பாதையும் இல்லை, கடிதமும் இல்லை. நான் வயிற்றோடு வேலைக்குப் போனேன். ஊர் என் முகத்துக்கு முன்னால் ஒன்றும் சொல்லவில்லை. "கயிறு கட்டினவன் திரும்பி வருவானோ?" என்று எனக்குப் பின்னால் கேட்டது எல்லாம் என் காதில் விழுந்தது. அதைவிடக் கேவலம், நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு வருடம். கடிதம் வந்தால் எங்கே பொய் இருக்கிறதென்று தேடித் தேடி வாசித்தேன். அந்தப் பழக்கம் விடவில்லை.

பிள்ளை பிறந்து பதியப் போனபோது பதிவாளர் சின்னத்தம்பி ஐயா, "தங்கச்சி, எனக்குத் தெரியாதே? ஓம் எண்டே எழுதிவிடுறன்" என்றார். நான்தான் தடுத்தேன். "பதிவு இல்லாமல் ஓம் எண்டு எழுத ஏலாது ஐயா. சட்டம் எனக்கும் ஒண்டுதான்." எவ்வளவு பெருமையாகச் சொன்னேன்! அவர் என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுதினார். தகப்பன் வந்து கையெழுத்து வைக்காததால் அந்த இடத்தில் கோடு.

தொண்ணூறில் கொழும்பில் பதிந்தோம். பதிவுக் கந்தோரில் பிள்ளை இவருடைய மடியில் இருந்து மைக்கூட்டைத் தட்டிவிட்டாள். திருத்திய பத்திரமும் எடுத்தோம். பழையதை எறிந்திருக்கலாம். பதிவுக் கிளையில் இருந்தவளுக்குத் தாள் எறிய மனம் வராது.

இன்றைக்குத் தேத்தண்ணி கொடுக்கும்போது இவரிடம் கேட்டேன். "ரெண்டு வருசமும் நீங்கள் வரமாட்டியள் எண்டுதான் நினைச்சனான். உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும்" என்றார்.

"பிறகேன் ஒண்டும் சொல்லேல்லை?"

"என்னத்தைச் சொல்லுறது? உம்மைத் தனிய விட்டுட்டுப் போனது நான்தானே."

ஏப்ரல் 28, சனி

இவரோடு போய், அச்செடுத்த தாளை மார்ஜரியிடம் கொடுத்தேன். வைதேகியும் ஈதனும் அங்கே இருந்தார்கள். அவள் தகப்பனைக் கட்டிப்பிடித்தாள். என்னைப் பார்க்கவில்லை.

மார்ஜரி தாளை வாசித்துவிட்டுக் கத்தியதில் நாய் சோபாவிலிருந்து குதித்துவிட்டது. அழுதா, சிரித்தா, என்னைப் பிடித்து உலுக்கினா. "பிள்ளைகள்…" என்று நான் என் கந்தோர் இங்கிலீசில் மெதுவாகத் தொடங்கினேன். "பிள்ளைகள் பிறந்த பிறகுதான்…"

"ஓம்! முகாமில் கூடாரத்திலேயே கலியாணம் கட்டிவிட்டார்கள். பட்டாளத்து அதிகாரி ஒருவர் ஜெபப் புத்தகத்தைப் பார்த்து வாசித்தாராம். இந்தப் பக்கத்துக்குப் பாதிரியார் வர ஐந்து வருடம் சென்றது. வந்தவுடன் கலியாணத்தையும் எழுதுவித்து, பிள்ளைகளுக்கும் ஞானஸ்நானம் செய்வித்திருக்கிறார்கள். எழுத ஆள் இல்லாதது கட்டினவர்களின் பிழையா?" நிவாரண இடாப்பை எடுத்து விரலை வைத்தா. "இதோ, 84இலேயே பெண் 1. ஹன்னா அப்போதே மனைவிதான்."

அந்த வரியை நானும் பார்த்தேன். என் கண்ணுக்கு முன்னால் வைத்துத்தான் காட்டினா. எழுதின நாளைக் கட்டின நாள் என்று எடுத்துக்கொண்டு துள்ளிக் குதித்தேன். உலகத்தில் வேறு ஆர் அந்தப் பிழையை விட்டாலும் நான் விட்டிருக்கக்கூடாது.

"இதை நான் ஏழு கிழமைக்கு முதலே கண்டுபிடித்துவிட்டேன்" என்றேன். "ஒளித்து வைத்திருந்தேன். உங்கள் மகனை விசாரித்தேன்."

மார்ஜரியின் முகம் விழுந்தது. நாலு வருடம் தேடிய மனிசி. மேசை விரிப்பைக் கையால் தடவி நேராக்கினா. பிறகு, "என்ன கண்டுபிடித்தீர்கள்?" என்றா.

"தட்டுக் கழுவுகிறான்."

ஈதன்தான் முதலில் சிரித்தான். பிறகு மார்ஜரி. வைதேகி சிரிக்கவில்லை.

நான் பைலைத் திறந்து எல்லாவற்றையும் மேசையில் வைத்தேன். மஞ்சள் தாளையும்தான். ஒன்றும் எரியவில்லை என்று சொன்னேன். வைதேகியைப் பார்த்துத் தமிழில் சொன்னேன். "பிள்ளை, உன்னட்டை ஒரு கேள்வி வரக்கூடாதெண்டு ஒளிச்சனான். அதால நீ ஒரு வருசம் அப்பாவின்ர காதைப் பாத்தாய். பிழை என்ர. முழுக்க என்ர."

மார்ஜரி குடும்பப் புத்தகத்தை அவள் பக்கம் தள்ளி, உங்கள் பக்கத்தை நீயே எழுது என்று பேனையைக் கொடுத்தா. வைதேகி எங்கள் இருவரின் பெயரையும் எழுதினாள். தலையை நிமிர்த்தாமல், "கலியாணத் திகதி?" என்றாள். ஐந்து கிழமைக்குப் பிறகு என்னோடு அவள் பேசிய முதல் வார்த்தை.

பத்திரத்தில் இருப்பது 1990 மே. என் வாய் அதைச் சொல்லத்தான் போனது.

"எண்பத்தேழு, ஒக்டோபர் இருபத்து நாலு" என்றேன். "நல்லூர், தெற்கு வீதி."

"அதற்குப் பதிவு இருக்கிறதா?" என்று கேட்டா மார்ஜரி. பழக்கதோசம், பாவம். இல்லை என்றேன். "பதிவு இல்லாவிட்டால் நேரில் நின்ற ஒருவர் சொன்னாலும் போதும்" என்றா. "உயிரோடு இருக்கிறவர்கள் யாரும் உண்டா?"

நான் யோசித்தேன். அப்பா இல்லை, அம்மா இல்லை. மங்கை அப்போது மானிப்பாயில் அகப்பட்டிருந்தாள். அந்த வரிசையில் நின்ற சனம் இப்போது எந்தெந்த நாட்டிலோ.

"நான் நிண்டனான்" என்றார் இவர்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். சூப்புக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, சத்தியம் செய்கிறவர் மாதிரி எழும்பி நின்றார். "எழுது பிள்ளை. நான் அங்கதான் நிண்டனான்."

வைதேகி கையால் வாயைப் பொத்தினாள். அழுகிறாளோ சிரிக்கிறாளோ தெரியவில்லை. பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, குனிந்து நிறைய நேரம் எழுதினாள். அவள் என்ன எழுதினாள் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.